பொத்தான் அழுத்தும் வரை காத்திருக்கும் உலகம்
இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

விளையாட்டு என்றவுடன் நம் கல்லூரி மலரைப் புரட்டுகிறவர்களுக்குக் கபடியும் கோ-கோவும் கோப்பையோடு நிற்கும் புகைப்படங்களும்தான் நினைவுக்கு வரும். அவற்றைப் பற்றி எழுத உடற்கல்வித் துறை இருக்கிறது. வென்று வந்த மாணவர்களும் இருக்கிறார்கள். நான் எழுத முனைவது, உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமல் இரண்டு கட்டைவிரல்களை மட்டும் அசைத்து ஆடும் ஒரு விளையாட்டைப் பற்றி. "இதையெல்லாமா மலருக்கு எழுதுவார்கள்?" என்று என் வகுப்புத் தோழி கேட்டாள். கவிதை எழுதினால் நிலவைப் பற்றித்தான் எழுத வேண்டும், கட்டுரை எழுதினால் காந்தியடிகளைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லையே!

பெட்டியின் பெயர் கேம் பாய் கலர். ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1998-ஆம் ஆண்டு வெளியிட்டது. உள்ளங்கையில் அடங்கும். கடிகாரத்துக்குப் போடுகிற செல் இரண்டு போட்டால் ஓடும். திரைக்கென்று தனி விளக்கு கிடையாது. டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து, ஒரு கோணத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் படம் தெரியும். அதன் முதுகில் இரண்டு தீப்பெட்டிகளை ஒட்டி வைத்தாற்போன்ற ஒரு கேசட்டைச் செருக வேண்டும். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு கேசட். சிவப்பு நிறம். 'போக்கிமான் ரெட்' என்று பெயர்.

ஆட்டம் இதுதான்: ஒரு சிறுவன் தன் சிற்றூரைவிட்டுக் கிளம்புகிறான். ஊரிலுள்ள பெரியவர் ஒருவர், அவர் ஓர் ஆய்வாளர், மூன்று பிராணிகளைக் காட்டி ஒன்றை எடுத்துக்கொள் என்கிறார். ஒன்று நெருப்பு, ஒன்று நீர், ஒன்று செடி. நீர் நெருப்பை அணைக்கும், நெருப்பு செடியை எரிக்கும், செடி நீரை உறிஞ்சும். இப்படிப் பதினைந்து வகைகள். எது எதை வெல்லும் என்பதற்கு ஒரு கணக்கு. புல்லுக்குள் நடந்தால் காட்டுப் பிராணிகள் எதிர்ப்படும். சண்டையிட்டுத் தளர்த்தி, பந்தை எறிந்து பிடிக்க வேண்டும். மொத்தம் 151 பிராணிகள். வழியில் மருந்து, பந்து, பழைய எலும்புப் படிமம், மிதிவண்டி என்று பலவும் கிடைக்கும். ஆனால் பையில் இருபது வகைப் பொருள்களுக்குமேல் கொள்ளாது. மாதக் கடைசியில் மளிகைக் கடைக்குப் போகும் என் தாயாரைப்போல், எதை விட்டு எதை எடுப்பது என்று நின்று யோசிக்க வேண்டும்.

சண்டை என்றேனே, அதில் அவசரமே கிடையாது. தாயம், ஆடுபுலி ஆட்டம்போல் முறை வைத்து ஆடுவது. நம் முறை வந்தால் பெட்டி அப்படியே நின்றுவிடும். நாம் பொத்தானை அழுத்தும் வரை எதிரில் நிற்கும் பிராணி கையைக்கூட ஓங்காது. அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போய், பாலை இறக்கி, ஆற்றி, எல்லாருக்கும் கொடுத்துவிட்டு வந்தாலும் அது அங்கேயே நிற்கும். இந்தக் காத்திருத்தலைப் பற்றிப் பின்னால் இன்னும் சொல்ல இருக்கிறது.

இதை உருவாக்கியவர் சதோஷி தஜிரி. 1965-இல் பிறந்தவர். தோக்கியோவின் புறநகரான மச்சிதாவில் வளர்ந்தார். சிறுவயதில் வயலும் குளமும் மரமுமாக இருந்த இடம் அது. அவருக்கு வண்டு பிடிப்பதில் அப்படியொரு பித்து. நகரம் வளர வளரக் குளங்கள் தூர்ந்தன, மரங்கள் போயின, வண்டுகளும் போயின. வளர்ந்தபின் அவருடைய பித்து மின்னணு விளையாட்டுகளின் பக்கம் திரும்பிற்று. 1983-இல் 'கேம் ஃப்ரீக்' என்று ஒரு பத்திரிகை தொடங்கினார். பத்திரிகை என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். கையால் எழுதி, படியெடுத்து, பின் அடித்த தாள்கள்! அதைப் பார்த்துவிட்டு வந்து சேர்ந்தவர்தான் ஓவியர் கென் சுகிமோரி. பின்னாளில் அந்தப் பிராணிகளுக்கு உருவம் கொடுத்தவரும் அவரே. நம் துறையில் சுவரொட்டிப் பத்திரிகை நடத்தும் நண்பர்களுக்கு இந்தச் செய்தியைத் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். 1989-இல் அந்தப் பத்திரிகையே விளையாட்டு தயாரிக்கும் நிறுவனமாயிற்று.

கேம் பாய் முதன்முதலில் வந்ததும் அதே 1989-இல்தான். அதை வடிவமைத்த குழுவின் தலைவர் குன்பெய் யோகோய். நிண்டெண்டோவில் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்து, ஓய்வு நேரத்தில் செய்த பொம்மை ஒன்றினால் மேலே வந்தவர். புத்தம்புது நுட்பத்தைத் தேடி ஓடாமல், பழகிப்போன மலிவான நுட்பத்தை எடுத்துப் புது விதமாகப் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் கொள்கை. வண்ணத் திரையோடு போட்டியாளர்கள் வந்தபோதும் அவருடைய பச்சை சாயல் திரை நின்றதற்குக் காரணம் விலையும், நெடுநேரம் தாங்கும் செல்லும்தான். பழைய சாமானை வைத்துக்கொண்டே காரியத்தை முடிப்பது எப்படி என்று எங்கள் ஆய்வுக்கூடத்து உதவியாளரிடம் கேட்டாலும் இதையேதான் சொல்வார்.

இரண்டு கேம் பாய்களை ஒரு கம்பியால் இணைக்க முடியும். மற்றவர்கள் அதைக் கண்டு, இருவர் மோதி விளையாடலாம் என்று எண்ணினார்கள். தஜிரிக்கோ அந்தக் கம்பியின்மேல் ஒரு வண்டு ஊர்ந்து இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்குப் போவதுபோல் தோன்றியதாம். மோதுவதற்கு அல்ல, கொடுத்து வாங்குவதற்குக் கம்பி! அந்த எண்ணத்திலிருந்து பிறந்ததே போக்கிமான். 1990 வாக்கில் தொடங்கிய வேலை முடிய ஆறு ஆண்டுகள் பிடித்தன. 1996 பிப்ரவரி 27-ஆம் நாள் ஜப்பானில் சிவப்பு, பச்சை என இரண்டு கேசட்டுகளாக வெளியாயிற்று. ஏன் இரண்டு? அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. சிவப்பில் கிடைக்கும் சில பிராணிகள் பச்சையில் கிடைக்கா. பச்சையில் உள்ளவை சிவப்பில் இரா. தனி ஒருவர் ஆயிரம் மணி நேரம் ஆடினாலும் 151-ஐ நிரப்ப முடியாது. இன்னொருவரிடம் போய், உன்னிடம் உள்ளதைக் கொடு, என்னிடம் உள்ளதைத் தருகிறேன் என்று கேட்டே ஆக வேண்டும். அமெரிக்காவுக்கு 1998-இல் போனபோது சிவப்பும் நீலமும் ஆயிற்று. அந்த ஆங்கிலக் கேசட்தான் எங்கள் வீட்டில் இருப்பது.

அது எங்கள் வீட்டுக்கு வந்த கதையையும் சொல்ல வேண்டும்.

என் சித்தப்பா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். 2002-இல் சிங்கப்பூருக்குக் கப்பல் பட்டறை வேலைக்குப் போனார். 2008-இல் திரும்பி வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவுக்குப் போய் ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, நடந்து போகும் தூரத்தில் சுங்கை ரோட்டில் கூடிய பழம்பொருள் சந்தையைச் சுற்றி வருவாராம். திருட்டுச் சந்தை என்றும் அதற்குப் பெயர் உண்டு. பழைய கைக்கடிகாரம், ஒற்றைச் செருப்பு, சாவியில்லாத பூட்டு என்று எல்லாம் தரையில் பரப்பியிருக்குமாம். (அந்தச் சந்தையை 2017 ஜூலையில் மூடிவிட்டார்கள்.) அங்கே பத்து வெள்ளிக்கு இந்தப் பெட்டியைக் கேசட்டோடு வாங்கியிருக்கிறார். பத்து வெள்ளியை அப்படிச் செலவழித்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஊருக்கு வந்தபின் அது தகரப் பெட்டியின் அடியில், காலாவதியான கடவுச்சீட்டுக்குக் கீழே கிடந்தது.

2024-இல் பிளஸ் டூ தேர்வு முடிந்த விடுமுறையில், என் சாதிச் சான்றிதழைத் தேடியபோது அது என் கையில் அகப்பட்டது. புதுச் செல் போட்டேன். ஓடிற்று! திரையில் வந்த வரிகளில் இரண்டு: தொடர்க, புதிதாகத் தொடங்குக. 'தொடர்க' என்பதன்மேல் பொத்தானை வைத்தால், முன்பு ஆடியவரின் விவரம் ஒரு சிறு கட்டத்தில் வரும். அதில் சித்தப்பாவின் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருந்தது. வென்ற பதக்கங்கள் 7. பிடித்த பிராணிகள் 64. ஆடிய நேரம் 187 மணி 42 நிமிடம்.

சிங்கப்பூரைப் பற்றி எங்கள் வீட்டில் நிறையப் பேசியிருக்கிறோம். அங்கிருந்து வந்த பணத்தில் ஓட்டு வீடு தளம் போட்ட வீடாயிற்று, அத்தையின் திருமணம் நடந்தது, இரண்டு மா நிலம் மீண்டது. ஆனால் பன்னிரண்டு பேர் படுக்கும் அறையில் இரவு எப்படிக் கழிந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அந்த 187 மணி நேரம்தான் எனக்குக் கிடைத்த முதல் தகவல்.

அவருடைய பிராணிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பிடித்த பிராணிக்கு நாம் விரும்பிய பெயரைப் பத்து எழுத்துகளுக்குள் வைக்கலாம். நெருப்புக் கக்கும் பறக்கும் பல்லிக்கு என் அப்பத்தாவின் பெயர்! (அப்பத்தாவை அறிந்தவர்கள் இதன் பொருத்தத்தை மறுக்கமாட்டார்கள்.) இன்னொன்றுக்கு என் அப்பாவின் பெயர். ஒன்றுக்குச் 'செவலை', அது அன்று எங்கள் வீட்டில் நின்ற பசு. மச்சோக் என்ற பயில்வானுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்த வங்கதேசத்து நண்பரின் பெயர். பட்டியலில் ஆறாவதாக என் பெயர் இருந்தது. சான்றிதழில் உள்ளதற்கு ஓர் எழுத்து குறைவு; எனினும் என் பெயர்தான்.

எதற்கு வைத்திருக்கிறார் என்று பார்த்தேன். கியாரடாஸ் என்னும் கடல் நாகம். அதன் கதை இந்த ஆட்டத்தை ஆடியவர்களுக்குத் தெரியும். மலைக் குகைக்குப் போகும் வழியில் ஒருவன் நின்றுகொண்டு, அருமையான மீன், 500 கொடு என்பான். வாங்கினால் அது மாஜிகார்ப். அதற்குத் துள்ளுவதைத் தவிர ஒன்றும் தெரியாது. துள்ளினாலும் எதிரிக்கு ஒரு கேடும் வராது. மிகமிகப் பலவீனமான பிராணி என்று அந்த ஆட்டமே கேலி செய்யும். ஆனால் பொறுமையாக இருபதாவது படி வரை வளர்த்தால் அது கியாரடாஸாக மாறும். என் தந்தையார் 2005 நவம்பரில் தொலைபேசியில் நான் பிறந்ததைச் சொன்னாராம். லாவெண்டர் என்ற ஊரில் பிராணிகளுக்குப் பெயர் மாற்றித் தரும் ஒருவர் இருக்கிறார். அன்றிரவே சித்தப்பா அங்கே போயிருக்கிறார்.

"என்ன சித்தப்பா, ஏமாந்து வாங்கின மீனுக்குத்தான் என் பேரு கிடைச்சுதா?" என்றேன்.

"அத இருபதாவது படி வரைக்கும் நான் சுமந்தேன் தாயி. அதுக்கப்புறம் கடல் வந்துச்சுன்னா அதுதான் எங்க எல்லாரையும் சுமந்துச்சு" என்றார். ஆட்டத்தில் அது உண்மை. கடலைக் கடக்க வேண்டுமானால் நீந்தத் தெரிந்த பிராணி ஒன்றின் முதுகில்தான் போக வேண்டும்.

இனி என் கதைக்கு வருகிறேன். அந்தக் கேசட்டில் ஒரே ஒருவருடைய ஆட்டத்தைத்தான் சேமித்து வைக்க முடியும். நான் புதிதாகத் தொடங்கலாம். ஆனால் சேமிக்கப் போனால், பழைய ஆட்டம் அழிந்துவிடும், சம்மதமா என்று அது கேட்கும். சம்மதம் என்றால் 187 மணி நேரமும் போய்விடும். ஆகவே நான் ஒருபோதும் சேமிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் முதலிலிருந்து தொடங்குவேன், ஆய்வாளரிடம் பிராணியை வாங்குவேன், காட்டைத் தாண்டி முதல் பதக்கம் வரை போவேன், அம்மா, "தண்ணி வந்துருச்சு, குடத்த எடு" என்பார், அணைத்துவிடுவேன். மறுநாள் மறுபடி முதலிலிருந்து. ஒருமுறை மட்டும் அணைக்காமலேயே இரண்டு நாள் வைத்திருந்து செருலியன் என்ற ஊர் வரை போய்ச் சேர்ந்தேன். அங்கே ஒரு மிதிவண்டிக் கடை. மிதிவண்டியின் விலை பத்து லட்சம்! அந்த ஆட்டத்தில் ஒருவர் தம் பணப்பையில் வைத்திருக்கக் கூடிய தொகையோ அதிகபட்சம் 9,99,999. ஒரு ரூபாய் குறைகிறது, என்றைக்கும் குறையும். பிறகு எப்படித்தான் வாங்குவது? அடுத்த ஊரில் ஒரு பெரியவர் தம் குதிரையின் பெருமையை முடிவில்லாமல் பேசிக்கொண்டிருப்பார். பொறுமையாக உட்கார்ந்து கேட்டால் ஒரு சீட்டுத் தருவார். அதைக் காட்டினால் மிதிவண்டி இலவசம். நல்ல வேடிக்கை! உதவித்தொகைக்கு விண்ணப்பித்துவிட்டு அலுவலக வராந்தாவில் நின்ற அனுபவம் உள்ள நம் மாணவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. அன்றிரவு செல் தீர்ந்துவிட்டது.

ஒரே இரண்டு மணி நேர ஆட்டத்தை நூறு முறைக்குமேல் ஆடியிருப்பேன். பைத்தியமா என்று கேட்கலாம். எனக்கு அதில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்த நான், இங்கே ஆங்கிலவழி இயற்பியலில் சேர்ந்தேன். முதல் பருவத்தில் வகுப்பறையில் ஆங்கிலம் என் தலைக்குமேல் ஓடிற்று. ஒரு வாக்கியத்தை நான் தமிழாக்கிப் புரிந்துகொள்வதற்குள் ஆசிரியர் மூன்று வாக்கியங்கள் தாண்டியிருப்பார். நிறுத்திக் கேட்டால் எங்கள் ஆசிரியர்கள் நின்று சொல்லித்தரக் கூடியவர்களே. கேட்பதற்கே ஒரு வாக்கியம் வேண்டியிருந்ததே, அதற்கு எங்கே போவது? வீட்டில் கேட்க ஆளில்லை. என் தாய் கையெழுத்துப் போடுவார்; என் தந்தை செய்தித்தாள் படிப்பார்; அவ்வளவே.

இந்தப் பெட்டியிலோ ஆங்கிலம் ஒவ்வோர் எழுத்தாகத் திரையில் விழும். இரண்டு வரிக்குமேல் வராது. விழுந்து முடிந்ததும் கீழே ஒரு சிறு முக்கோணம் கண் சிமிட்டிக்கொண்டு நிற்கும். பொத்தானை அழுத்தினால்தான் அடுத்த வரி. அகராதியைப் புரட்டினாலும் நிற்கும். வாய்விட்டுப் படித்துப் பார்த்தாலும் நிற்கும். மறுநாள் அதே மனிதர் அதே இடத்தில் அதே வாக்கியத்தைச் சலிக்காமல் சொல்வார். எந்தச் சொல்லுக்கு எது நடக்கிறது என்பது கண்ணெதிரே தெரியும். 'தவறிற்று' என்பதற்கான சொல் வந்தால் அடி தவறியிருக்கும். 'விளைவில்லை' என்று வந்தால் எதிரி அசையாமல் நிற்கும். ஆங்கிலத்தில் இறந்தகாலம் என்னும் ஒன்றை நான் இலக்கணப் புத்தகத்தில் படித்தேன், புரிந்துகொண்டதென்னவோ போர்க்களத்தில்தான். இரண்டாம் பருவத்தில் ஒருநாள் வெப்ப இயக்கவியல் வகுப்பில் எழுந்து ஒரு கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டேன். சின்னக் கேள்விதான். ஆசிரியர் பதில் சொல்லிவிட்டுத் தொடர்ந்து நடத்தினார். ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை, அத்தனை மகிழ்ச்சி!

இன்னொரு இன்பமும் உண்டு. அது இயற்பியல், கணினியியல் மாணவர்களுக்காக. ஒரு மெகாபைட் கேசட்டில் ஓர் உலகத்தை அடைத்திருக்கிறார்கள். இன்று நாம் கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே அதைவிடப் பெரிது! ஒரு பைட் என்பது எட்டு பிட். அதில் 0 முதல் 255 வரை 256 எண்கள் அடங்கும் என்று இலக்கமுறை மின்னணுவியலில் படிக்கிறோம். இந்த ஆட்டத்தில் ஓர் அடி நூற்றுக்கு நூறு படும் என்றால் அதன் துல்லியத்தை 255 என்று குறித்து வைத்திருக்கிறார்கள். அடிக்கும்போது 0 முதல் 255 வரை ஓர் எண்ணைக் குருட்டாம்போக்கில் எடுக்கும். அந்த எண் துல்லியத்தைவிடச் சிறிதாக இருந்தால் அடி படும். சரி, எடுத்த எண்ணே 255 என்றால்? 255-ஐவிட 255 சிறிதல்லவே! ஆகவே தவறாத அடியும் 256-இல் ஒருமுறை தவறும். 'சிறிது' என்பதற்குப் பதிலாகச் 'சிறிது அல்லது சமம்' என்று எழுதியிருந்தால் தீர்ந்தது. நிச்சயம் என்று சொல்லப்பட்ட அடி காற்றில் போனதைப் பலமுறை பார்த்து, விதி என்று எண்ணியிருந்தேன். அது விதியல்ல, ஒரு குறியீடு என்று அறிந்த அன்று ஏற்பட்ட நிம்மதியை எப்படிச் சொல்வது!

மியூ என்ற 151-ஆவது பிராணியின் கதையும் இந்த வகைதான். வேலையெல்லாம் முடிந்து, சோதனைக்காக வைத்திருந்த நிரல்களை நீக்கியபோது கேசட்டில் கொஞ்சம் இடம் மிஞ்சிற்றாம். ஷிகெகி மொரிமோட்டோ என்ற நிரலாளர் அந்த இண்டு இடுக்கில் அதைச் செருகிவிட்டார். ஆட்டத்தில் வழக்கமாக எங்கே தேடினாலும் அது கிடைக்காது. உள்ளே இருக்கிறது என்ற வதந்தி பரவப் பரவ, சிறுவர்கள் அதைத் தேடி ஒவ்வொரு கல்லாகத் தள்ளிப் பார்த்தார்கள். 1996-இல் ஒரு சிறுவர் இதழின் போட்டி வழியாக இருபது பேருக்கு மட்டும் கொடுத்தார்கள்.

சரி, அழியும் ஆபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆட்டத்தைச் சேமிப்பது கேசட்டுக்குள் இருக்கும் சிறு நினைவகத்தில். மின்சாரம் நின்றால் அது எல்லாவற்றையும் மறந்துவிடும். ஆகவே உள்ளேயே ஒரு 3 வோல்ட் பட்டன் செல்லைப் பற்றவைத்திருக்கிறார்கள். அது இழுப்பது மிகமிகச் சொற்ப மின்னோட்டம். எனவே பதினைந்து, இருபது ஆண்டுகள் தாங்கும். எங்களுடையதோ இருபத்தைந்தைத் தாண்டிவிட்டது. செல்லை மாற்றலாம். ஆனால் பழையதைக் கழற்றும் அந்தக் கணத்தில் சித்தப்பாவின் ஆட்டம், அப்பத்தாவும் செவலையும் நானும், எல்லாம் போய்விடும். மாற்றாமல் விட்டாலும் என்றோ ஒருநாள் போகும்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே கைபேசி பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். "இந்த ஆட்டமெல்லாம் போன்லயே வருதே தங்கச்சி, இத ஏன் கட்டிக்கிட்டு அழுவுற?" என்றார். ஆட்டம் வரும், இது வராது என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. கேசட்டின் திருகு நம் ஊர்த் திருப்புளிக்கு அடங்காத வகை. ஒரு பழைய பேனாவின் பிளாஸ்டிக் முனையைத் தீயில் இளக்கித் திருகின்மேல் அழுத்தி, ஆறவிட்டுத் திருகினார்; கழன்றுவிட்டது! ஆய்வுக்கூடத்தில் அனுமதி பெற்றுக் கொண்டுவந்த மல்டிமீட்டரை வைத்தேன். 2.6 வோல்ட். இருந்த உயிர் அவ்வளவுதான்.

வழி ஒன்று யோசித்து வைத்திருந்தேன். கடிகார செல் இரண்டைத் தொடராக இணைத்தால் 3 வோல்ட். அதைப் பழைய செல்லின் இரு முனைகளுக்கும் இணையாக முதலில் பற்றவைத்துவிட்டால், பழையதைக் கழற்றினாலும் நினைவகத்துக்குப் பசி தெரியாது. புதியது ஏறியபின் அதன் மின்னோட்டம் கடிகார செல்லுக்குள் திரும்பிப் பாயாதிருக்க நடுவில் ஒரு டையோடு. வெளியிலிருந்து கசியும் மின்சாரமும் கெடுக்கலாம் என்பதால், சால்டரிங் அயர்ன் சூடேறியதும் ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் தொட வேண்டும் என்றேன். "காலேசுல இதெல்லாம் சொல்லித் தர்றாங்களா?" என்று அண்ணன் கேட்டார். டையோடு வரை சொல்லித் தந்திருக்கிறார்கள் என்றேன். முதலில் ஒரு செத்த கைபேசிப் பலகையில் இரண்டு முறை ஒத்திகை பார்த்தோம்.

சித்தப்பாவிடம் முன்பே கேட்டிருந்தேன். "போனாப் போவுது, பழைய கதை" என்றார். ஆனால் அன்று காலை என்னோடு பேருந்தில் ஏறி வந்தவர், கடைக்குள் வராமல் எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்து, மூன்று டீ குடித்தார். அவர் ஒரு வேளைக்கு ஒரு டீக்குமேல் குடித்து நான் பார்த்ததில்லை.

நேர்முனை, எதிர்முனை என்று இருமுறை வாய்விட்டுச் சொல்லி, கம்பியை நான் பிடித்துக்கொண்டேன். அண்ணன் ஈயம் வைத்தார். பழைய செல் வந்துவிட்டது. புதிய செல் உட்கார்ந்தது. கம்பியை எடுத்தோம். ஐந்து நிமிட வேலைதான். கேசட்டை மூடிப் பெட்டியில் செருகும்போது என் கைதான் நடுங்கிற்று. ஆகவே பொத்தானை அண்ணனையே அழுத்தச் சொன்னேன்.

பதக்கம் 7. பிராணிகள் 64. நேரம் 187:42.

டீக்கடைக்கு ஓடினேன். சித்தப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பெட்டியை வெயில் படும்படி சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். 'தொடர்க' என்பதை அழுத்தினார். பதினேழு ஆண்டுகளுக்கு முன் விட்ட இடத்தில், ஓர் எரிமலைத் தீவின் மருத்துவமனை வாசலில் அவருடைய ஆள் நின்றுகொண்டிருந்தான். எட்டாவது பதக்கத்துக்குப் போவதற்குள் ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வந்துவிட்டதாகச் சொன்னார். பிறகு பட்டியலைத் திறந்து, மச்சோக்கின்மேல் சற்று நேரம் நிறுத்தி வைத்திருந்தார்.

இந்தப் பயில்வான் இன்னும் ஒரு படி வளரக் கூடியவன். மச்சாம்ப் என்று நான்கு கைகளோடு ஆவான். ஆனால் எத்தனை சண்டை போட்டாலும் ஆகமாட்டான். கம்பி வழியாக இன்னொருவர் பெட்டிக்குப் போனால் மட்டுமே ஆவான். அந்தப் பன்னிரண்டு பேர் அறையில் பெட்டி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பெயருக்குரிய வங்கதேசத்து நண்பரும் சம்பளம் சேர்த்து ஒன்று வாங்குவதாகச் சொல்லியிருந்தாராம். அதற்குள் அவர் வேறு பட்டறைக்கு மாறிப் போய்விட்டார்.

சித்தப்பா இப்போது மாலையில் மாடு கட்டியபின் ஆடுகிறார். நேரம் 190-ஐத் தாண்டிவிட்டது. என்னையும் சேமிக்கச் சொல்கிறார்; மாட்டேன் என்று சொல்லிவிட்டு, முதல் ஊரிலிருந்து நான் மறுபடி தொடங்குகிறேன். எட்டாவது பதக்கம் கிடைத்துவிடும் போலிருக்கிறது. மச்சோக்கைப் பற்றித்தான் கவலை. பழைய கேம் பாய் ஒன்றும் இணைப்புக் கம்பியும் நீலக் கேசட்டும், அல்லது இன்னொரு சிவப்புக் கேசட்டானாலும் சரி, இந்த மலரைப் படிப்பவர்களில் யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் இயற்பியல் இரண்டாம் ஆண்டு வகுப்பில் வந்து சொல்லவும். அரைமணி நேரம் போதும். அனுப்பிவிட்டு உடனே திருப்பி வாங்கிக்கொள்வோம்.